பழைய பட்டறைக் காணியைத் திரும்பப் பயன்படுத்த முன்: யாழ்ப்பாணத்துக்கான மாசு மதிப்பீட்டு வழிகாட்டி

மூடிக் கிடக்கும் இயந்திரசாலை, ஜெனரேற்றர் வளவு, பற்றறிப் பட்டறை, அச்சகம், லொறிக் கராஜ். இப்படி ஒரு காணியை வாங்கி வீடு கட்ட யோசிப்பவர்களுக்கும், அந்தக் காணியை மதிப்பிடும் வேலையை முதன்முறை கையில் எடுக்கும் இளம் பொறியியலாளர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

வெளிநாட்டுக் கையேடுகள் பெரும்பாலும் மண்ணில் தொடங்கும். ஆழமான மண் உள்ள இடங்களுக்கு அது சரி. குடாநாட்டின் வலிகாமப் பகுதியில் பல இடங்களில் அலவாங்கு நாலைந்து அடி இறங்க முன்பே கல்லில் முட்டிவிடும். அது வெடிப்பும் பொந்துமான சுண்ணக்கல். மேலே ஊற்றிய எண்ணெய் செம்மண்ணில் கொஞ்சம் தங்கும், மிச்சம் வெடிப்பு வழியே தண்ணீரைத் தேடிப் போகும். குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றும் இல்லை, குடிக்கிற தண்ணீரில் பெரும்பகுதி அந்தக் கல்லுக்குள்தான் இருக்கிறது. ஆகவே இங்கே வரிசை வேறு: முதலில் கடதாசி, பிறகு ஆட்கள், பிறகு கிணறு, அதன் பிறகுதான் மண். இந்த வரிசையை மாற்றி இரண்டு தடவை செலவழித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் நானும் ஒருவன்.

1. காணியில் என்ன வரப்போகிறது என்று எழுதி வையுங்கள்

வீடா, கடைத்தொகுதியா, களஞ்சியமா, தோட்டமா, பள்ளிக்கூட விளையாட்டிடமா? இதை முடிவெடுக்காமல் மதிப்பீட்டைத் தொடங்கினால், எவ்வளவு மாசு 'கூட' என்று கடைசிவரை சொல்ல முடியாது. சீமெந்து போட்டு மூடிய களஞ்சியத்துக்குப் பொறுக்கக்கூடிய ஈயம், குழந்தை மண் அளையும் முற்றத்துக்குப் பொருந்தாது.

'களஞ்சியம் மட்டும்தான்' என்று சொல்பவரிடம் இன்னொரு கேள்வி கேளுங்கள்: காவற்காரர் எந்தத் தண்ணீரில் தேத்தண்ணி வைப்பார்? நம்மூரில் கிணறு இல்லாத வளவு அபூர்வம். காணியில் ஒரு நாள் யாரோ ஒருவர் கிணற்றுத் தண்ணீரைக் குடிப்பார் என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள்.

2. கால் வைக்க முன்: மிதிவெடிச் சான்றும் அனுமதியும்

காணி நீண்ட காலம் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள்ளோ முன்னரங்கப் பகுதியிலோ இருந்ததா என்று விதானையாரிடமும் பிரதேச செயலகத்திலும் கேளுங்கள். இருந்திருந்தால் மிதிவெடி அகற்றிய சான்றின் பிரதி கையில் வராமல் யாரையும் உள்ளே விடாதீர்கள்.

சான்றில் இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும்: துப்புரவாக்கிய எல்லை, துப்புரவாக்கிய ஆழம். அகற்றல் ஒரு குறிப்பிட்ட ஆழத்துக்குத்தான் நடந்திருக்கும். மேற்பரப்பில் நடக்கலாம் என்பதால் மூன்று மீற்றர் கிடங்கு வெட்டலாம் என்று ஆகாது. ஆழமாகத் தோண்டுவதாக இருந்தால் அதற்குத் தனியாக ஒப்புதல் கேளுங்கள்.

காணி உரிமையாளரின் எழுத்து அனுமதியுடன், அயல் கிணற்றுக்காரர்களின் சம்மதத்தையும் இப்போதே தேடத் தொடங்குங்கள். அதற்குத்தான் நினைப்பதைவிடக் கூடிய நாள் எடுக்கும்.

3. கடதாசிகள்

உறுதி, நில அளவைப் படம், பழைய கட்டட அனுமதி, சுற்றாடல் பாதுகாப்பு உரிமம், மின்சார இணைப்பு விவரம். இவைதான் அடிப்படை. உரிமத்தின் பதிவை மத்திய சுற்றாடல் அதிகாரசபையிலோ உள்ளூராட்சி மன்றத்திலோ தேடலாம். ஆனால் சுற்றாடல் சட்டமே 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கச் சட்டம். அதற்கு முந்திய தொழிற்சாலையின் பழைய காலத்துக்கு உரிமப் பதிவைத் தேடி மெனக்கெட வேண்டாம்.

இடம்பெயர்வுகளில் நிறையக் கடதாசிகள் அழிந்துவிட்டன. உறுதி மட்டும்தான் மிஞ்சியது என்றால் அதன் எல்லை விவரத்தை வரிவரியாக வாசியுங்கள். 'தெற்கே எண்ணெய்ச் செக்கு வளவு', 'மேற்கே சுண்ணாம்புச் சூளை' என்று ஒரு பழைய நொத்தாரிசு எழுதிய வரி, எந்த அறிக்கையிலும் இல்லாத தகவலைத் தரும்.

நில அளவைத் திணைக்களத்தின் பழைய வான்படங்கள் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். கூகுள் ஏர்த்தின் பழைய படங்களும் உதவும். கூரை எப்போது காணாமல் போனது, எந்த மூலையில் புல் முளைக்கவே இல்லை, கல்லு வெட்டிய கிடங்கு எந்த ஆண்டில் நிரவப்பட்டது என்பவை அதில் தெரியும். கடைசியாகச் சொன்னதற்கு அடிக்கோடு போடுங்கள். நிரவிய கிடங்குக்குள் எது போனது என்று எந்தக் கடதாசியும் சொல்லாது.

4. அங்கே வேலை செய்தவர்களைத் தேடுங்கள்

புதியவர்கள் அதிகம் தாண்டிப் போகும் படி இதுதான். கேள்வித்தாளுடன் போய் 'இங்கே அபாயக் கழிவு கொட்டப்பட்டதா?' என்று கேட்பார்கள். 'இல்லைத் தம்பி' என்று பதில் வரும். அதை அறிக்கையில் எழுதிவிட்டு வந்துவிடுவார்கள்.

அப்படிக் கேட்கக் கூடாது. ஒரு நாள் வேலை எப்படிப் போகும் என்று கேளுங்கள். ஒரு முறை ஒரு பழைய மெக்கானிக் ஐயாவிடம், "ஐயா, எஞ்சினுக்கு ஒயில் மாத்தினால் பழைய ஒயிலை என்ன செய்வியள்?" என்று கேட்டேன்.

"கொஞ்சத்தை வேலிக் கதியாலுக்கும் கூரை மரத்துக்கும் பூசக் கொண்டு போவினம் தம்பி, கறையான் வராது. மிச்சம் பின்னால கிடங்குக்குள்ள."

"எந்தக் கிடங்கு ஐயா?"

"கக்கூசுக்கு வெட்டினது. கல் வந்திட்டுது எண்டு பாதியில விட்டது."

கல் தெரியும் வரை வெட்டிய கிடங்கு, அதற்குள் பல வருட எண்ணெய். கட்டப் போகும் வீட்டின் வரைபடத்தில் அந்த இடத்தில் சமையலறை இருந்தது.

கேட்க வேண்டியவை: கழுவிய தண்ணீர் எந்தப் பக்கம் ஓடியது? பீப்பாக்கள் எங்கே அடுக்கப்பட்டன? மின்மாற்றி எங்கே நின்றது, அதற்கு எண்ணெய் மாற்றியதுண்டா? கைவிட்ட கிணறு உண்டா? மாரியில் எந்த மூலையில் தண்ணீர் நிற்கும்? ஆட்களை முடிந்தால் காணிக்கே கூட்டிக்கொண்டு போங்கள். இருந்த இடத்தில் ஞாபகம் வராதது, நடக்கும்போது வரும். இருவரைத் தனித்தனியாகக் கேளுங்கள். ஒரே இடத்தை இருவரும் காட்டினால் அதுதான் உங்கள் முதல் மாதிரிப் புள்ளி.

இது குற்ற விசாரணை இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள், இன்றும் பல கராஜ்களில் அதுதான் நடக்கிறது.

5. நடந்து பார்ப்பது

காலையில் போங்கள். வெயில் ஏறினால் கண் கூசும், எண்ணெய்க் கறையும் நிழலும் ஒன்றாகத் தெரியும். தரையில் கறை, செடி முளைக்காத திட்டு, சீமெந்துத் தரையின் வெடிப்பு, நிலத்துக்குள் போகும் இரும்புக் குழாய், பீலி முடியும் இடம், உடைந்த அஸ்பெஸ்டஸ் கூரைத் தகடு என எல்லாவற்றையும் படம் எடுத்து ஜீ.பி.எஸ். புள்ளியுடன் குறியுங்கள்.

நிலத்துக்குள் போகும் குழாய்க்கு மற்ற முனையைக் கண்டுபிடிக்காமல் வெளியே வராதீர்கள். புதைத்த எண்ணெய்த் தாங்கி பல தடவை அப்படித்தான் அகப்பட்டிருக்கிறது.

மணந்து பார்ப்பதற்காக மண்ணை மூக்குக்குக் கிட்டக் கொண்டு போகும் பழக்கம் பழையவர்களிடம் உண்டு. வேண்டாம். கைவிட்ட கிணற்றுக்குள் யாரையும் இறக்கவும் வேண்டாம். உள்ளே ஒட்சிசன் குறைந்திருந்தால் மேலே நிற்பவருக்குத் தெரியாது.

காணி பெரிதென்றால் துண்டுபோடுங்கள். 1990 இல் இயக்கம் நின்ற காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை அளவுக்கு ஓர் இடத்தை ஒரே காணியாக மதிப்பிட முடியாது. சூளை, எண்ணெய்க் களஞ்சியம், பட்டறை, மின் அறை, கல்லு வெட்டிய பள்ளம் ஒவ்வொன்றிலும் இருக்கக்கூடிய மாசு வேறு. சூளைக்குள் பதிக்கும் சில வகைக் கற்களில் குரோமியம் இருக்கும், மின் அறையில் அதைத் தேடினால் காசுதான் வீண்.

6. ஒரு தாளில் படம் வரையுங்கள்

மாசு எங்கே இருக்கிறது, எந்த வழியாகப் போகிறது, யாரைச் சேர்கிறது. இந்த மூன்றையும் ஒரே தாளில், காணியைக் குறுக்கே வெட்டிப் பார்ப்பதுபோல வரைய வேண்டும். மேலே செம்மண், கீழே கல், அதற்குள் நன்னீர், அதற்கும் கீழே உவர் நீர்.

நன்னீர் உவர் நீருக்கு மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் அரை மீற்றர் நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 20 மீற்றர் வரை நன்னீர் இருக்கலாம் என்பது பொதுக் கணக்கு, ஒன்றுக்கு நாற்பது. கல்லில் பொந்துகள் இருப்பதால் இங்கே அது கணக்காகவே நிற்கும், உண்மை அளவு வேறாக வரலாம். ஆனாலும் தாளில் எழுதி வையுங்கள், 9 ஆம் படியில் தேவைப்படும்.

டீசலும் ஒயிலும் தண்ணீரை விடப் பாரம் குறைந்தவை, ஆகவே நீர்மட்டத்தில் மிதக்கும். குளோரீன் சேர்ந்த கறை நீக்கும் கரைப்பான்கள் பாரமானவை, அடிக்குப் போகும். எதைத் தேடுகிறீர்கள் என்று தெரியாமல் கிணற்றின் எந்த ஆழத்தில் மாதிரி எடுப்பது என்று முடிவெடுக்க முடியாது. அதற்குத்தான் இந்தப் படம்.

7. கிணறுகள்

சுற்றிலும் குறைந்தது 250 மீற்றருக்குள் உள்ள எல்லாக் கிணறுகளையும் பட்டியல் போடுங்கள்: வீட்டுக் கிணறு, தோட்டக் கிணறு, பங்குக் கிணறு, கோயில் கிணறு, தூர்ந்த கிணறு. ஒவ்வொன்றுக்கும் கட்டின் மேல் ஒரு புள்ளியில் அழியாத மையால் அடையாளம் போட்டு, அங்கிருந்து தண்ணீர் வரை எவ்வளவு, அடி வரை எவ்வளவு என்று அளவெடுங்கள்.

நில அளவையாளரைக் கொண்டு அந்தப் புள்ளிகளின் உயரத்தை எடுத்தால், தண்ணீர் எந்தப் பக்கம் சரிகிறது என்று கணக்கிடலாம். குறைந்தது மூன்று கிணறு வேண்டும், அவை ஒரே நேர்கோட்டில் இருக்கக் கூடாது. எல்லாவற்றையும் ஒரே நாளில், விடியற்காலையில், தோட்டக்காரர் மோட்டார் போட முன் அளந்து முடியுங்கள். இறைப்பு தொடங்கினால் மட்டம் மாறிவிடும், நீங்கள் அளப்பது நிலத்தின் சரிவை அல்ல, மோட்டாரின் பலத்தை. கரையோரமென்றால் கடல் ஏற்ற இறக்கமும் சேரும், நேரத்தைக் குறிக்காத அளவு பிரயோசனமில்லை. கிடைத்த திசையையும் முழுதாக நம்ப வேண்டாம். சுண்ணக்கல்லில் தண்ணீர் பொந்து கிடைத்த பக்கம் போகும். சரிவுக்கு எதிர்ப்பக்கக் கிணறுகளிலும் இரண்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மாதிரி எடுக்கும் ஒழுங்கு இது. முதலில் டோர்ச் அடித்து நீர்ப்பரப்பில் படலம் தெரிகிறதா என்று பாருங்கள். பிறகு மேற்பரப்பு மாதிரி. பிறகு பாரம் கட்டிய போத்தலால் ஆழ மாதிரி. மோட்டாரைப் போடுவது கடைசியில். மோட்டாரை முதலில் போட்டால் படலம் குலைந்து கலந்துவிடும், அதன் பிறகு மேல் எது கீழ் எது என்று சொல்ல முடியாது.

எண்ணெய்க்கான மாதிரியைக் கண்ணாடிப் போத்தலில் நேரடியாக எடுக்க வேண்டும். அந்தப் போத்தலை அதே தண்ணீரால் அலசக் கூடாது, வழிய வழிய நிரப்பவும் கூடாது. எண்ணெய் கண்ணாடிச் சுவரில் ஒட்டும் என்பதால் அலசினால் கூடக் காட்டும், வழிந்தால் குறையக் காட்டும். வாளியில் அள்ளி நாலு போத்தலில் பங்கு போடுவதுதான் நான் அதிகம் கண்ட பிழை.

இனி, இந்த மண்ணுக்கே உரிய ஒரு சிக்கல். ஒரு வீட்டுக் கிணற்றில் எண்ணெய் கூடக் காட்டியது. பழைய ஜெனரேற்றர் வளவுக்கு நேர் கீழ்ப்பக்கம். கண்டுபிடித்துவிட்டோம் என்று நினைத்தோம். திரும்பப் போய்ப் பார்த்தால் கப்பிக்கு அந்தக் கிழமைதான் கிறீஸ் பூசியிருந்தார்கள், கயிறு முழுக்கக் கிறீஸ். தோட்டக் கிணறுகளில் மண்ணெண்ணெய் மெசினைக் கிணற்றுக் கட்டில் வைத்து இறைத்த காலத்தின் கறை இன்னும் இருக்கும். ஆகவே ஒவ்வொரு கிணற்றிலும் கப்பி, மோட்டார், மெசின் வைத்த இடம் மூன்றையும் படம் எடுங்கள். "அம்மா, கடைசியா எப்ப கிணறு இறைச்சனீங்கள், குளோரீன் போட்டனீங்களோ?" என்றும் கேளுங்கள். இறைத்துக் கழுவி ஒரு கிழமை ஆகாத கிணறு எதையும் சரியாகக் காட்டாது.

தோட்டங்களுக்கு நடுவே உள்ள கிணற்றில் நைத்திரேற்று கூட வந்தால் அது பெரும்பாலும் உரத்தாலும் மலசலகூடக் குழியாலும் வருவது. அதையும் அளந்து வையுங்கள். பழைய பட்டறையின் கணக்கில் அதைச் சேர்த்துவிடாதீர்கள்.

இதெல்லாம் ஒரு தடவை செய்வதல்ல. புரட்டாதியில் நீர்மட்டம் அடியில் இருக்கும்போது ஒரு தடவை, மாரி முடிந்து தை மாதத்தில் மட்டம் ஏறி நிற்கும்போது ஒரு தடவை. கோடையில் எண்ணெய் மட்டத்துடன் கீழே இறங்கி வெடிப்புச் சுவர்களில் ஒட்டிக்கொள்ளும். மாரியில் தண்ணீர் ஏறி அந்தச் சுவர்களைக் கழுவும். புரட்டாதியில் சுத்தமாக இருந்த கிணறு தையில் படலம் காட்டுவது அதனால்தான். ஒரு பருவ முடிவை வைத்து 'மாசு இல்லை' என்று கையெழுத்துப் போடச் சொன்னால் போடாதீர்கள்.

8. மண் மாதிரி

யாழ்ப்பாணக் கணக்கில் 16 பரப்பு ஓர் ஏக்கர். 8 பரப்புக் காணி என்றால் ஏறத்தாழ 2000 சதுர மீற்றர். பத்து மீற்றருக்கு ஒரு புள்ளி என்று கட்டம் போட்டால் 20 புள்ளி வரும். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் ஐந்து மீற்றர் அகலமான ஒரு வட்டக் கறை அந்தக் கட்டத்தில் அகப்படும் வாய்ப்பு ஐந்தில் ஒன்றுதான். கட்டம் மட்டும் போட்டு மாசைப் பிடிக்க முடியாது. 4 ஆம் 5 ஆம் படிகளில் கண்ட இடங்களில் பாதிப் புள்ளிகளை வையுங்கள், மிச்சத்தைக் கட்டத்துக்குக் கொடுங்கள்.

ஆழத்தில் மூன்று: மேல் 15 சென்ரிமீற்றர் (பிள்ளைகளின் கை படும் மண்), அரை மீற்றர், மண்ணும் கல்லும் சேரும் இடம். கடைசியை விட்டுவிடாதீர்கள். இறங்கி வரும் எண்ணெய் கல்லில் முட்டிப் பக்கவாட்டில் பரவுவது அங்கேதான். கையால் திருகும் துளைகருவி கல்லுத் துண்டில் நின்றால் 'கல் வந்துவிட்டது' என்று எழுதிவிடுவார்கள். அரை மீற்றர் தள்ளி இன்னொன்று போட்டுப் பாருங்கள், பாதித் தடவை அது நிரவலில் கிடந்த ஒரு துண்டாக இருக்கும்.

பல இடத்து மண்ணைக் கலந்து ஒரு மாதிரியாக அனுப்பினால் காசு மிச்சம்தான். சூடான இடமும் சுத்தமான இடமும் கலந்து நடுத்தரமாக வரும், ஆவியாகும் பொருள்களோ கலக்கும்போதே பறந்துவிடும். பெற்றோல் வகைக்கு ஒருபோதும் கலக்க வேண்டாம். புதிதாக வெட்டிய முகத்திலிருந்து எடுத்து, போத்தலில் காற்றிடம் விடாமல் உடனே மூடுங்கள்.

ஒப்பிட, மாசுபடாத இடத்துச் செம்மண்ணும் இரண்டு மூன்று வேண்டும். றோட்டோரம் எடுக்காதீர்கள். ஈயம் கலந்த பெற்றோல் காலத்துப் புகை அங்கே படிந்திருக்கும்.

எதைச் சோதிப்பது? கராஜ், ஜெனரேற்றர் என்றால் பெற்றோலிய ஐதரோகாபன்களும் ஈயமும். பழைய மின்மாற்றி நின்ற இடத்தில் பி.சி.பி. (பழைய மின்மாற்றி எண்ணெயில் இருக்கக்கூடிய, குளோரீன் சேர்ந்த நச்சுப் பொருள்). முலாம் பூசிய இடத்தில் ஆறு வலுக் குரோமியம் (குரோமியத்தின் நச்சுக் கூடிய வடிவம்), நிக்கல், சயனைட்டு. அச்சகத்தில் ஈயமும் கரைப்பான்களும். பற்றறிப் பட்டறையில் ஈயம், அன்ரிமனி, சல்பேற்று.

பற்றறிப் பட்டறையைப் பற்றி ஒரு சொல் கூட. அமிலம் கொட்டிய இடம் என்று பீஎச் (அமில, காரத் தன்மையின் அளவு) அளந்து, 'சாதாரணம், பயமில்லை' என்று எழுதிய அறிக்கை ஒன்று என் கையில் வந்தது. சுண்ணக்கல் அமிலத்தைத் தின்றுவிடும். பீஎச் சரியாகிவிடும், ஈயம் அங்கேயே கிடக்கும், சல்பேற்று தண்ணீருக்குப் போகும். இப்படிக் காரமான மண்ணில் ஈயம் அவ்வளவாக நகராது. ஆறு வலுக் குரோமியமோ நன்றாக நகரும். உலோகம் என்று எல்லாவற்றையும் ஒரே வரியில் போட்டு முடிவு சொல்ல முடியாது என்பது இதனால்தான்.

9. குழாய்க்கிணறு அடிக்க வேண்டுமா?

முடிந்தவரை வேண்டாம். இருக்கிற கிணறுகள் போதாது என்று படம் காட்டினால் மட்டும் அடியுங்கள். மாசு கிடக்கும் இடத்துக்கு நடுவே துளை போட்டால், மேலே தங்கியிருந்த எண்ணெய்க்குக் கீழே போக நீங்களே வழி வெட்டிக் கொடுத்ததாகும். ஆழம் கூடினால் கீழிருந்து உவர் நீர் ஏறும். 6 ஆம் படியில் எழுதிய ஆழக் கணக்கை எடுத்து, நீர்மட்டத்துக்குக் கீழே சில மீற்றருடன் நிறுத்துங்கள்.

துளையின் மேற்பகுதியைத் தண்ணீர் பட்டால் ஊதி அடைக்கும் பென்ரனைற்றுக் களியால் அடைக்கச் சொல்லுங்கள். தோட்டக் கிணறு அடிப்பவர்கள் அதைச் செய்து பழகியிருக்க மாட்டார்கள், பக்கத்தில் நின்று செய்விக்க வேண்டும். துளையிடும் இயந்திரமே ஒயில் ஒழுகாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

10. பெட்டி, ஐஸ், பஸ்

தேவையான சோதனை எல்லாவற்றுக்கும் ஆய்வுகூடம் கிட்டவே அகப்படாது. சில மாதிரிகள் ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தாண்டிக் கொழும்புக்குப் போகும். ஆகவே மாதிரி எடுக்கும் நாளை ஆய்வுகூடத்தைக் கேட்டே தீர்மானியுங்கள். வெள்ளி மாலை எடுத்தால் திங்கள் வரை அதைத் திறக்க ஆள் இராது.

காலக்கெடு பொருளுக்குப் பொருள் மாறும். அமிலம் இட்டுக் குளிரில் வைத்த எண்ணெய்–கிறீஸ் மாதிரிக்கு 28 நாள், அமிலம் இட்ட பென்சீன் வகைக்கு 14 நாள், பாதரசத்துக்கு 28 நாள். தண்ணீரில் ஆறு வலுக் குரோமியத்துக்கு 24 மணி நேரம்தான், இரவு பஸ் தவறினால் முடிந்தது.

உலோக மாதிரிக்கு நைத்திரிக் அமிலம் விட வேண்டும். ஆனால் கலங்கிய கிணற்றுத் தண்ணீரில் சுண்ணக்கல் தூள் மிதக்கும். அதற்குள் அமிலத்தை விட்டால் தூள் கரைந்து, தூளில் ஒட்டியிருந்த உலோகமும் கரைந்து, தண்ணீரில் இல்லாத உலோகம் இருப்பதாகக் காட்டும். கரைந்த உலோகம் வேண்டுமென்றால் கிணற்றடியிலேயே 0.45 மைக்ரோன் வடிகட்டியால் வடித்து, அதன் பிறகு அமிலம்.

ரெஜிபோம் பெட்டியும் மீன் சந்தை ஐஸும் போதும். ஐஸை இரட்டைப் பொலித்தீனில் கட்டுங்கள். என் முதல் தொகுதியில் ஐஸ் உருகி, பேனையால் எழுதிய லேபல் எல்லாம் ஊறி உரிந்து, பன்னிரண்டு போத்தல்களில் எது எந்தக் கிணறு என்று தெரியாமல் போனது. இப்போது பென்சிலால் எழுதி மேலே தெளிவான ரேப் ஒட்டுகிறேன், மூடியிலும் இலக்கம் போடுகிறேன்.

பத்து மாதிரிக்கு ஒன்று இரட்டையாக அனுப்புங்கள், இரண்டும் ஒரே கிணறு என்று ஆய்வுகூடத்துக்குச் சொல்லாமல். வடிகட்டிய நீர் நிரப்பிய போத்தல் ஒன்றும் கூடவே போய் வரட்டும். அதில் எண்ணெய் காட்டினால் பிழை உங்கள் பெட்டியிலோ அவர்களின் மேசையிலோ இருக்கிறது.

யார் எடுத்தது, எத்தனை மணிக்கு, யாரிடம் கொடுத்தது என்ற கைமாற்றுப் பத்திரத்தைச் சும்மா சடங்கென்று நினைக்காதீர்கள். சுன்னாகத்தில் நிலத்தடி நீரில் எண்ணெய் கலந்த விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது, 2019 இல் 2 கோடி ரூபா இழப்பீடு கட்டும்படி தீர்ப்பும் வந்தது. நீங்கள் எடுக்கும் போத்தலும் ஒரு நாள் அங்கே போய் நிற்கலாம்.

11. முடிவுகளை வாசிப்பது

முதலில் பார்க்க வேண்டியது எண்ணை அல்ல, கண்டறியும் எல்லையை. இலங்கைக் குடிநீர் நியமம் 614 இன் 2013 ஆம் ஆண்டுப் பதிப்பு எண்ணெய்–கிறீஸுக்கு லீற்றருக்கு 0.2 மில்லிகிராம் என்கிறது. ஆய்வுகூடத்தின் முறை 1 மில்லிகிராமுக்குக் கீழே அளக்க மாட்டாது என்றால், 'கண்டறியப்படவில்லை' என்ற சொல்லுக்கு அர்த்தமே இல்லை. மாதிரி அனுப்ப முன்பே இதைக் கேட்டிருக்க வேண்டும்.

எண்ணெய்–கிறீஸ் சோதனை, கரைப்பானில் கரையும் எல்லாவற்றையும் அளக்கும். தேங்காயெண்ணெயும் சவர்க்காரமும்கூட அதற்குள் வரும். கிணற்றடியில் குளிக்கும் ஊரில் இது சின்ன விஷயமில்லை. கூடக் காட்டிய கிணறுகளுக்கு மட்டும் வாயுப் பிரிகை முறையில் பெற்றோலிய ஐதரோகாபனைத் திரும்ப அளந்தால், டீசலா, ஒயிலா, சமையல் எண்ணெயா என்று பிரிந்துவிடும்.

மண்ணுக்குப் பலரும் நெதர்லாந்தின் தலையீட்டு அளவுகளை (தாண்டினால் நடவடிக்கை வேண்டும் என்ற அளவுகளை) எடுக்கிறார்கள்: கனிம எண்ணெய்க்குக் கிலோகிராமுக்கு 5000 மில்லிகிராம், ஈயத்துக்கு 530. அவை 10 சதவீதச் சேதனப் பொருளும் 25 சதவீதக் களியும் உள்ள மண்ணுக்கு எழுதப்பட்டவை, நம் மண்ணுக்குத் திருத்தாமல் ஒட்ட முடியாது. அமெரிக்கா வீட்டு மண்ணின் ஈயத்துக்கு வைத்திருந்த 400 ஐ 2024 இல் 200 ஆக இறக்கியது. ஒரே ஈயத்துக்கு இரண்டு நாடு இரண்டு எண் சொல்கிறது என்றால், இரண்டும் வேறு கேள்விக்குப் பதில் சொல்கின்றன என்று அர்த்தம். முதலாம் படியில் எழுதிய கேள்விக்கு எது பொருந்துகிறதோ அதை எடுத்து, ஏன் எடுத்தோம் என்றும் எழுதுங்கள்.

5000 க்குக் கீழே வந்த மண் என்பதற்காகக் கிணற்றுக்கும் பயமில்லை என்று ஆகாது. இங்கே அநேகமாகக் கிணறுதான் முடிவைத் தீர்மானிக்கும்.

12. துப்புரவுத் தெரிவு

டீசல் போன்ற இலேசான எண்ணெய் ஊறிய மண்ணை அகழ்ந்து, தடித்த பொலித்தீன் விரிப்பின் மேல் குவித்து, ஈரமும் கொஞ்சம் நைதரசன் பொசுபரசு உரமும் கொடுத்து, அடிக்கடி புரட்டினால் நுண்ணுயிர்கள் மாதக் கணக்கில் தின்றுவிடும். நம் வெயில் அதற்கு உதவும். பழைய கழிவு ஒயிலுக்கு இது மெதுவாகத்தான் வேலை செய்யும், ஈயத்துக்கு வேலையே செய்யாது. மாசியில் தொடங்குங்கள். ஐப்பசி மழை தொடங்க முன் குவியல் மூடப்படாவிட்டால் ஒரு மாசை இரண்டாக்குவீர்கள்.

ஈயம் கூடிய மண்ணை அகற்றலாம், அல்லது அடையாளத் துணி விரித்து மேலே சுத்தமான மண்ணோ சீமெந்தோ போட்டு மூடலாம். அகற்றிய மண் எங்கே போகிறது என்று எழுத்தில் இல்லாமல் லொறியைக் கேற் தாண்ட விடாதீர்கள். அயல் ஊரின் நிரவல் மண்ணாக அது போய்விடும். அபாயக் கழிவைக் கையாள உரிமம் உள்ளவர்களிடம் மட்டும் கொடுங்கள்.

கிணற்றில் மிதக்கும் எண்ணெயை வழித்தெடுக்கலாம். கல் வெடிப்புக்குள் போனதை முழுதாக எடுக்க ஒரு வழியும் இல்லை. அதை உரிமையாளரிடம் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது நல்லது. அப்படியான இடத்தில் கிணற்றை மூடிக் குழாய்நீருக்கு மாறுவது, அயல் வீடுகளுக்குத் தண்ணீர் ஒழுங்கு செய்வது, மட்டத்தைத் தொடர்ந்து கவனிப்பது ஆகியவைதான் மிச்சம்.

13. சரிபார்ப்பு

தோண்டிய குழியை நிரவ முன் அடியிலும் நான்கு சுவரிலும் மாதிரி எடுங்கள். முடிவு வர இரண்டு கிழமை ஆகும். அதுவரை குழி திறந்தே கிடக்க வேண்டும் என்பதை மேசனிடமும் ஜேசிபிக்காரரிடமும் முன்பே பேசி, வேலி போட்டு வையுங்கள். அவசரப்பட்டு நிரவிவிட்டுப் பிறகு துளை போட்டுப் பார்ப்பது இரட்டைச் செலவு.

நிரவக் கொண்டு வரும் மண்ணையும் சோதியுங்கள். ஒரு காணியில் ஒயில் மண்ணை எடுத்துவிட்டு, இன்னொரு கராஜின் மண்ணை நல்ல மண் என்று வாங்கிக் கொட்டினார்கள்.

கிணறுகளை அடுத்த புரட்டாதியிலும் அதற்கடுத்த தையிலும் திரும்ப எடுங்கள். அதே கட்டில் போட்ட அதே அடையாளத்திலிருந்து, அதே போத்தல் வகையில். முடிவின் பிரதியை ஒவ்வொரு கிணற்றுக்காரருக்கும் தமிழில் ஒரு பக்கமாக எழுதிக் கொடுங்கள். உரிமையாளரிடம் கொடுக்கும் தொகுதியில் மூடிய பகுதியின் அளவைப் படம் இருக்கட்டும், அது உறுதியோடு சேர்ந்து இருக்கட்டும். பத்து வருடத்துக்குப் பிறகு அந்தச் சீமெந்துத் தரையை உடைத்து மாமரம் நட வருபவர் முதலில் தேடுவது உறுதியைத்தான்.